முட்டைக்கோழிக் கொட்டகைக்கான ஒளிக் கட்டுப்பாட்டுப் பெட்டி: ஒரு முட்டையிடும் சுற்றுக்குப் பிந்தைய மதிப்புரை

பக்கவாட்டில் திறந்த கொட்டகையில், கூண்டு முறையில் முட்டைக்கோழி வளர்த்து வருகிறேன். விளக்குகளைக் கையால் போட்டு அணைத்துக்கொண்டிருந்த வழக்கத்தை விட்டு, டைமரும் டிம்மரும் (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) ஒன்றாக அமைந்த ஒளிக் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்றையும் அதனுடன் சேர்த்து விற்கப்படும் எல்இடி விளக்குகளையும் பொருத்தினேன். ஒரு தொகுதிக் கோழிகள் 16ஆம் வாரத்தில் கூண்டேறியது முதல் வயது முதிர்ந்து கழிக்கப்பட்டது வரை அவற்றைப் பயன்படுத்திய பிறகே இதை எழுதுகிறேன். பெட்டி வாங்கத் தகுந்த கருவிதான். ஆனால் தயாரிப்பாளர் அதில் முன்கூட்டியே பதித்து அனுப்பும் கால அட்டவணையை அப்படியே ஓடவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

கோழி வெளிச்சத்தைக் கண்ணால் மட்டும் உணர்வதில்லை. 1930களில் பிரெஞ்சு ஆய்வாளர் ழாக் பெனுவா வாத்துகளில் செய்த சோதனைகள், பார்வையை இழந்த பறவையிலும் ஒளி இனப்பெருக்க உறுப்புகளை வளரச் செய்வதைக் காட்டின. மண்டையோட்டைக் கடந்து மூளையின் ஆழத்திலுள்ள ஒளியுணரிகளை எட்டும் வெளிச்சம், ஹார்மோன் சுரப்பை ஆளும் மூளைப் பகுதியான ஹைப்போதாலமஸைத் தூண்ட, அதன் வழியே பிட்யூட்டரி சுரப்பி வெளியிடும் ஹார்மோன்கள் கருமுட்டைகளை முதிரச் செய்கின்றன. சிவப்பு ஒளி திசுக்களை எளிதில் ஊடுருவும் என்பதால், இந்தப் பெட்டியுடன் மஞ்சள் சாயல் கொண்ட வெள்ளை விளக்குகளைத் தந்திருப்பது சரியான தேர்வு.

ஆனால் ஒளி இப்படி முட்டையிடத் தூண்டும் என்பதால்தான் முன்பதித்த அட்டவணை எனக்குக் கவலை தந்தது. அது கோழியின் வயதை மட்டும் கேட்கிறது. 17 வாரம் நிறைந்தவுடன் ஒளி நேரத்தை வாரந்தோறும் அரை மணி வீதம் கூட்டிக்கொண்டே போய், 16 மணி நேரத்தில் நிறுத்துகிறது. ஒரே வயதுடைய இரு தொகுதிகள் ஒரே உடல் எடையில் இருப்பதில்லை. வளர்பருவத்தில் நோயோ தீவனக் குறையோ வெப்பமோ தாக்கிய தொகுதி பின்தங்கியே இருக்கும். எடை சேராத கோழியை வெளிச்சத்தால் முட்டையிடத் தூண்டினால், அது சிறு முட்டைகளை இடும். சில கோழிகளுக்கு முட்டைக்குழாயின் முனை வெளியே தள்ளிக்கொள்ளும். பக்கத்துக் கோழிகள் அந்த இடத்தைக் கொத்தத் தொடங்கினால் உயிரிழப்பும் நேரும். என் தொகுதி எடையில் பின்தங்கியிருந்ததால், கொட்டகையின் பல பகுதிகளிலிருந்தும் நூறு கோழிகளைப் பிடித்து ஒவ்வொன்றாக எடைபோட்டு, சராசரி எடை அந்த இனத்துக்குரிய இலக்கை எட்டியதையும், குறைந்தது 80 சதவீதக் கோழிகள் அந்தச் சராசரிக்கு 10 சதவீதம் கூடவோ குறைவாகவோ உள்ள எல்லைக்குள் அடங்கியதையும் உறுதிசெய்த பின்னரே ஒளியைக் கூட்டினேன். இதற்காக இரண்டு வாரம் தள்ளிப்போட வேண்டியிருந்தது. அட்டவணையை நாமே அமைத்துக்கொள்ளும் வசதி பெட்டியில் உண்டு. ஆனால் அது பல படிகள் உள்ளே மறைந்திருக்கிறது. முதல் முறை பயன்படுத்துகிறவர் அதைக் கண்டுபிடிப்பதற்குள் முன்பதித்த அட்டவணை தானாகவே ஓடத் தொடங்கிவிடும். இந்தக் குறை ஒன்றைத் தயாரிப்பாளர் திருத்தினாலே போதும், இதைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன்.

இதன் சிறந்த அம்சம், வெளிச்சத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டிக் குறைக்கும் திறன். முன்பெல்லாம் நான் விளக்குகளைச் சட்டென்று அணைத்ததும் கோழிகள் மிரண்டு கூண்டுக் கம்பிகளில் மோதிக்கொள்ளும். தரையில் வளர்ப்பவர்களின் கொட்டகையில் இதே மிரட்சி கோழிகளை மூலையில் ஒன்றின்மேல் ஒன்றாகக் குவித்து மூச்சுத்திணறச் செய்துவிடும். இப்போது இருபது நிமிடத்தில் படிப்படியாக இருள் கூடுவதால், அவை தீவனத்தைக் கடைசியாக ஒருமுறை கொத்திவிட்டு அமைதியாக அடங்குகின்றன. நம் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் விளக்கு துடிப்பதையும் கோழியால் உணர முடியும் என்பதால், கைப்பேசியின் மெதுவியக்கக் காணொளியில் பதிவுசெய்து பார்த்தேன். ஒளி மிகவும் தாழும் கட்டத்தில் மட்டுமே சிறு துடிப்பு தெரிந்தது.

விளக்குகளின் ஒளிப் பரவல் அந்த அளவுக்குத் திருப்தி தரவில்லை. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் காட்டும் அளவியைத் தீவனத்தொட்டியின் உயரத்தில், கோழியின் தலை இருக்கும் இடத்தில் பிடித்துப் பார்த்தபோது, மேல் அடுக்கில் தேவைக்கு மிஞ்சிய வெளிச்சமும் கீழ் அடுக்கில் மங்கலும் இருந்தன. முட்டையிடும் பருவத்தில் 10 முதல் 20 லக்ஸ் வரை போதும். அதற்கு மேல் வெகுவாகக் கூடினால் இறகு கொத்தும் பழக்கம் தலைதூக்கும். விளக்குகளைக் கூண்டு வரிசைகளுக்கு நடுவே தாழ்த்தி மாட்டிய பிறகு நிலைமை ஓரளவு சீரானது. தூசி படிந்தால் வெளிச்சம் வெகுவாகக் குறைந்துவிடுகிறது என்பதால் வாரம் ஒருமுறை துடைக்க வேண்டும்.

நள்ளிரவில் ஒரு மணி நேரம் விளக்கெரியச் செய்ய இதில் தனி வசதி உண்டு. முட்டை ஓடு உருவாக ஏறக்குறைய 20 மணி நேரம் ஆகிறது. அதில் பெரும்பகுதி, தீவனம் எடுக்காத இருள் நேரத்திலேயே கழிகிறது. மாலையில் ஓட்டுக்கான கால்சியத்தைத் தரும் பருமனான சுண்ணாம்புக்கல் குருணையும், நள்ளிரவில் தீவனமும் தண்ணீரும் கிடைத்தால், வயது கூடிய கோழிகளின் ஓடு வலுப்பெற அது உதவும். இந்த ஒரு மணி நேர வெளிச்சத்துக்கு முன்னும் பின்னும் குறைந்தது மூன்று மணி நேர இருள் வேண்டும் என்பதைப் பெட்டியே கணக்கிட்டுத் தவறான அமைப்பை மறுத்துவிடுவது பாராட்டத்தக்கது. என் கோழிகள் முதிர்ந்த வாரங்களில் ஓடு உடைந்த முட்டைகள் குறைந்ததைக் கண்ணாரக் கண்டேன்; நான் குருணையையும் அப்போதே மாற்றியிருந்தேன் என்பதால் முழுப் பெருமையையும் விளக்குக்கே தர மாட்டேன்.

மின்தடையின்போது கடிகாரத்தை ஓடவைக்கும் சிறு மின்கலம்தான் பெட்டியின் பலவீனமான உறுப்பு. ஒருமுறை அது தீர்ந்துபோனதை நான் கவனிக்காததால், ஒவ்வொரு மின்தடைக்குப் பின்னும் கடிகாரம் பின்தங்கி, காலை விளக்குகள் தாமதமாக எரிந்தன. அந்த நாட்களில் மாலை விளக்குகளை மட்டும் நான் வழக்கமான நேரத்தில் கையாலேயே அணைத்ததால் மொத்த ஒளி நேரமும் சுருங்கியது. முட்டையிடும் கோழிக்கு ஒளி நேரம் குறைந்தால் உற்பத்தி சரியும், நீடித்தால் இறகும் உதிரும். மாற்று மின்கலம் கேட்டு விற்பனையாளரைப் பலமுறை அழைத்த பின்பே அது வந்தது. அன்றிலிருந்து பெட்டியின் பக்கத்திலேயே ஒரு சுவர்க்கடிகாரத்தை மாட்டி, தினமும் காலையில் முட்டை சேகரிக்கும்போது இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.