பாக்கெட் நெம்புகோல்: டைட்டானியமா, எஃகா?

வீவக (சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் பெயின்ட் டின், மைலோ டின் திறக்க விரல் நீள நெம்புகோல் போதும். பேனாக்கத்தியால் நெம்பாதீர்கள், பக்கவாட்டு விசையில் அலகின் நுனி ஒடியும்.

எடையில் டைட்டானியத்துக்கே வெற்றி: அதன் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 4.5 கிராம், எஃகுக்கு 7.8. வியர்வை பட்டாலும் துருப்பிடிக்காது. நம்மூர்ப் புழுக்கத்தில் இது சின்ன விஷயமா? ஆனால் விறைப்பு எஃகில் பாதிக்குச் சற்று மேல்தான். முனை மெல்லியதாக இருந்தால் வளைந்துகொடுக்கும். ஆணி பிடுங்க எஃகுதான். அதிலும் டி2 எஃகு (துருப்பிடிக்கக்கூடிய ஒரு கருவி எஃகு வகை) என்றால் அவ்வப்போது எண்ணெய் தடவவேண்டும்; மிகக் கடினமாகப் பதப்படுத்தியிருந்தால் முனை சில்லு பெயரும்.

எதுவானாலும், மூடியை ஒரே இடத்தில் தூக்காதீர்கள். சுற்றிலும் நான்கைந்து இடத்தில் கொஞ்சங்கொஞ்சமாக நெம்புங்கள். விளிம்பு வளைந்தால் மூடி மறுபடி இறுகாது, மிச்சப் பெயின்ட் காய்ந்துவிடும்.