எச்சரிக்கை: என்ஜின் ரீமேப் என்ற பெயரில் 18,500 ரூபாய் போனது

கன்னியாகுமரி மாவட்டத்தில் டீசல் கார் வைத்திருப்பவர்கள், லேப்டாப்பைக் காட்டி "பிக்கப்பும் மைலேஜும் சேர்ந்தே கூடும்" என்று பேசும் கடைகளுக்குள் நுழையும் முன் இதைப் படித்துவிடுங்கள். என்னிடம் 18,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, ஒரு சாதாரண ரப்பர் ஓஸ் மாற்றினால் சரியாகியிருக்கும் வண்டியைக் கரும்புகை கக்கும் வண்டியாக்கி அனுப்பியிருக்கிறார்கள். கடையின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. மார்த்தாண்டம் வட்டாரத்தில் கார் அலங்காரப் பொருள்களும் விற்று, இ.சி.யூ. எனப்படும் என்ஜின் கணினியின் மென்பொருளையும் மாற்றி எழுதிக் கொடுக்கும் (இதைத்தான் ரீமேப் என்கிறார்கள்) வகைக் கடை அது.

என் வண்டி 1.3 லிட்டர் டீசல். ஏற்றத்தில் இழுவை குறைந்திருந்தது. சர்வீஸுக்கு நாள் நெருங்கியிருந்ததால், "முதலில் சர்வீஸ் முடித்துவிட்டு வரட்டுமா?" என்று நானே கேட்டேன். "எதுக்குண்ணா? அதெல்லாம் இதுலயே சரியாயிரும்" என்றார் அங்கிருந்த இளைஞர். கண்ணாடி அறைக்குள் அழைத்துச் சென்று, திரையில் நீலக் கோட்டுக்கு மேல் சிவப்புக் கோடு எழும்பி நிற்கும் வரைபடத்தைக் காட்டினார். அது என் வண்டியை அளந்து வரைந்ததல்ல; என்ஜின் சக்தியை அளப்பதற்கான டைனோ எந்திரமே அந்தக் கடையில் கிடையாது.

ஆனாலும் நம்பிக்கை வந்தது அந்த வரைபடத்தால் அல்ல, அவர் வேலை செய்த விதத்தால். சீட்டில் துணி விரித்தார். எழுதிக்கொண்டிருக்கும்போது வோல்டேஜ் இறங்கினால் இ.சி.யூ. செத்துப்போகும் என்று சொல்லி, பானெட்டைத் திறந்து பேட்டரியில் சார்ஜர் மாட்டினார். ஸ்டீயரிங்குக்குக் கீழே, வண்டியின் கணினியோடு இணைப்பதற்காக உள்ள ஓ.பி.டி. சாக்கெட்டில் வயரைச் செருகியவர், "பழைய எரர் ஏதோ கிடந்துதுண்ணா, அழிச்சுட்டேன், அதுக்குக் காசு வேண்டாம்" என்று சிரித்தார். இவ்வளவு பொறுப்பாக ஒருவர் வேலை செய்கிறாரே என்று மகிழ்ந்து 18,500 ரூபாயையும் அங்கேயே ஜி.பே.யில் அனுப்பினேன். பில் கேட்டதற்கு, "வாட்ஸ்அப்பில் வரும்" என்றார். இன்றுவரை வரவில்லை.

பேட்டரியில் சார்ஜர் மாட்டிய அந்தக் கை, சற்றுத் தள்ளியிருந்த ஏர் ஃபில்டர் பெட்டியின் கிளிப்பைக் கழற்றிப் பார்க்கவில்லை என்பதை இப்போது நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

அதன்பின் ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போதெல்லாம் பின்னால் வருபவர் வண்டி மறையும் அளவுக்குப் புகை. மைலேஜ் இறங்கியது. வீட்டாருடன் திருநெல்வேலி போகும் வழியில், ஆரல்வாய்மொழி தாண்டியதும் செக் என்ஜின் விளக்கு எரிந்து, வண்டி வேகம் எடுக்க மறுத்து, லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு கடந்து செல்ல ஓரமாகத் தவழ்ந்தது.

கடைக்கு அழைத்தால், டீசல் சரியில்லை என்றார்கள். வேறு பெட்ரோல் பம்பில் டீசல் போட்டுப் பார்த்தேன். ஓடி ஓடிப் பழகினால் செட் ஆகும் என்றார்கள். பிறகு, ஃபைல் எழுதுபவர் கோயம்புத்தூரில் இருக்கிறார், அவரிடம் கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள். எப்போது வேண்டுமானாலும் திருப்பிப் போட்டுத் தருவதாகச் சொன்ன ஒரிஜினல் ஃபைலை, அதாவது வண்டியில் முதலில் இருந்த மென்பொருளைக் கேட்டபோது, சிஸ்டம் ஃபார்மேட் ஆகிவிட்டது என்று கூசாமல் பதில் வந்தது. 18,500 ரூபாயைத் திருப்பிக் கேட்ட பிறகு போனை எடுப்பதே இல்லை.

நாகர்கோவிலில் ஒரு மூத்த மெக்கானிக்கிடம் காட்டினேன். அவருடைய ஸ்கேனரில் பி0299 என்ற பிழை விழுந்தது. என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவின் அழுத்தம் போதவில்லை என்று அதற்குப் பொருள். அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ஓஸின் அடிப்பக்கத்தில் விரல் நீளத்துக்கு வெடிப்பு இருந்தது. அதன் ஓரங்களில் எண்ணெய் கசிந்து, தூசி ஒட்டி, நகத்தால் சுரண்டி எடுக்கும் அளவுக்குத் தடித்திருந்தது; ஒரு வாரத்தில் சேர்கிற அழுக்கல்ல அது. ஏர் ஃபில்டரைத் தட்டியபோது சாம்பல் நிறத்தில் கல் தூசி கொட்டியது (கேரளத்துக்குக் கல்லும் எம்சாண்டும் ஏற்றிச் செல்லும் டாரஸ் லாரிகளுக்குப் பின்னால் ஓடும் வண்டிகளுக்கு வேறென்ன கிடைக்கும்?). "மக்களே, இந்த வண்டி கேட்டது ஓஸு, அவன் ஊத்துனது டீசலு" என்றார்.

அவர் விளக்கியது இதுதான். வரும் காற்றுக்கு ஏற்பத்தான் டீசல் ஊற்ற வேண்டும் என்ற வரம்பு, தொழிற்சாலையிலேயே இ.சி.யூ.வில் எழுதப்பட்டிருக்கிறது. காற்று கசிந்து வீணாகும் வண்டியில் அந்த வரம்பைத் தளர்த்தி டீசலைக் கூட்டினால், எரியாத மிச்சம் புகையாக வெளியேறுகிறது, எக்ஸாஸ்ட் புகையில் ஒரு பகுதியை என்ஜினுக்கே திருப்பி அனுப்பும் இ.ஜி.ஆர். வால்வில் கரி படிகிறது, எக்ஸாஸ்ட் சூடு ஏறி டர்போவுக்கே கேடாகிறது. இலவசம் என்று அழித்தாரே, அந்த எரர், அனேகமாக வண்டி தானே சொல்லிக்கொண்டிருந்த இந்தப் புகார்தான்.

ஓஸ், ஃபில்டர்கள், ஆயில், இ.ஜி.ஆர். சுத்தம் எல்லாவற்றுக்குமாக 7,400 ரூபாய் ஆனது. இழுவை திரும்பிவிட்டது. புகை முழுதாக நிற்கவில்லை, ஏனென்றால் மாற்றி எழுதிய மென்பொருள் இன்னும் உள்ளேதான் இருக்கிறது. கம்பெனி சர்வீஸில் பழைய மென்பொருளை மறுபடி ஏற்ற முடியுமா என்று பார்த்துச் சொல்வார்களாம், முடியாவிட்டால் இ.சி.யூ. பெட்டியையே மாற்ற வேண்டும்.

விரிவாக ஆலோசனை எழுத நினைத்தேன், கோபத்தில் வரவில்லை. ஏர் ஃபில்டர், டர்போ ஓஸ், ஆயில், டீசல் ஃபில்டர் இவற்றைப் பார்க்காமல் யாரையும் லேப்டாப் செருக விடாதீர்கள். எரரை அழிக்கும் முன் அதன் எண்ணைப் போட்டோ எடுங்கள். ஒரிஜினல் ஃபைலை உங்கள் பென்டிரைவில் வாங்கிய பிறகே பணம் கொடுங்கள். வாரண்டி உள்ள வண்டி என்றால் இந்தப் பக்கமே போகாதீர்கள். பில் இல்லாமல் வராதீர்கள்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். அடுத்து நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் அங்கே கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும். பில் இல்லாததால் ஜி.பே. ரசீதும் வாட்ஸ்அப் உரையாடலும்தான் என் கையில் உள்ள ஆதாரம். இதே வகையில் ஏமாந்தவர்கள் இருந்தால், 18,500 ரூபாயோ அதைவிடக் குறைவோ, எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். சேர்ந்தே மனு கொடுக்கலாம்.