தெருமுனை மேடையா, தமுக்கம் மேடையா?

எண்பதுகளில் மதுரையில் வளர்ந்த எங்களுக்கு எலெக்ட்ரிக் கிதாரை நேரில் பார்க்க இரண்டு வழிதான் இருந்தது. ஒன்று, தமுக்கம் மைதானத்துச் சித்திரைப் பொருட்காட்சி. இன்னொன்று, செல்லூர்ப் பக்கம் மாரியம்மன் கோயில் திருவிழாவில் நடக்கும் பாட்டுக் கச்சேரி.

சத்தத்தில் தமுக்கம்தான் மேல். அங்கே பெட்டி ஸ்பீக்கர் இருக்கும். தெருவில் கட்டும் குழாய் ஸ்பீக்கரில் குரல் தெளிவாக வரும், கீழ் சுருதி வராது. 1976-ல் அறிமுகமான இளையராஜாவின் பாட்டுகளில், அந்தக் கீழ் சுருதியை வாசிக்கும் பேஸ் கிதார் தனியாக ஒரு கதை சொல்லும். அதை முதன்முதலில் நெஞ்சுக்குள் உணர்ந்தது தமுக்கத்து மணலில் நின்றபோதுதான். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஆனால் பொருட்காட்சிக்கு டிக்கெட் வேண்டும், மேடையும் தூரம். தெருக் கச்சேரி இலவசம். சாயங்காலமே கோணிச் சாக்கை விரித்து இடம் பிடித்துவிடுவோம். ஜாஸ் டிரம்ஸ் அடிக்கும் அண்ணனின் கால் மிதிப்பது வரை தெரியும். துண்டுச்சீட்டில் பாட்டு எழுதிக் கொடுத்தால் பாடுவார்கள். அப்புறம் நடுவில் கரண்ட் போகும். அப்போது தபலாக்காரர் மட்டும் இருட்டில் வாசித்துக்கொண்டே இருப்பார், தெருவே கை தட்டும். அந்த ஐந்து நிமிடம் எந்தப் பெட்டி ஸ்பீக்கரிலும் வராது.

இசையைக் கற்றுக்கொண்டது தமுக்கத்தில். திரும்பப் போக ஒரே ஒரு ராத்திரி கிடைத்தால், நான் அந்தச் சாக்கில்தான் போய் உட்காருவேன், பக்கத்தில் அம்மாவோடு.