பிரிண்ட் ஸ்பூலர்: முழுவதும் நிறுத்துவதா, வெளித் தொடர்பை மட்டும் துண்டிப்பதா?

அச்சுப் பணிகளை வரிசைப்படுத்தி அச்சுப்பொறிக்கு அனுப்பும் பிரிண்ட் ஸ்பூலர், அச்சுப்பொறியே இணைக்கப்படாத விண்டோஸ் கணினிகளிலும் தானாகத் தொடங்கி, சிஸ்டம் என்ற மிக உயர்ந்த உரிமையுடன் இயங்கிக்கொண்டிருக்கும். 2021இல் பிரிண்ட்நைட்மேர் என்ற பெயரில் பேசப்பட்ட ஓட்டை, நெட்வொர்க்கில் சாதாரணக் கணக்கு மட்டுமே உள்ள ஒருவரும் அச்சுப்பொறி டிரைவர் என்ற போர்வையில் தம் நிரலை அதே உரிமையுடன் ஓட்ட வழிவிட்டது. மைக்ரோசாஃப்ட் ஜூலை 6 முதல் அவசரப் புதுப்பிப்புகளை வெளியிட்டது. ஆதரவு முடிந்திருந்த விண்டோஸ் 7கூட விடுபடவில்லை. புதுப்பிப்பு கட்டாயம்; அதற்கு மேலான பாதுகாப்புக்கு மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது, ஃபயர்வாலில் போர்ட்டை, அதாவது நெட்வொர்க் தொடர்பு நுழையும் எண்ணிட்ட வாயிலை, மூடுவது. இது இங்கே அவ்வளவாக உதவாது. விண்டோஸ் 11இன் 22H2 பதிப்புக்கு முந்தைய விண்டோஸ்களில், ஸ்பூலருக்கு வரும் தொலைக் கோரிக்கைகள் பெரும்பாலும் கோப்புப் பகிர்வுக்குரிய 445ஆம் போர்ட் வழியாகவே வருவதால், அதை மூடினால் பகிர்வும் நின்றுவிடும். நிறுவன நெட்வொர்க்கின் கணக்குகளையும் உள்நுழைவையும் நிர்வகிக்கும் சர்வரான டொமைன் கண்ட்ரோலரிலோ அதை மூடவே இயலாது.

இரண்டாவது, நிர்வாகி கணினிகளின் அமைப்புகளைக் கட்டுப்படுத்தப் பயன்படுத்தும் குரூப் பாலிசியின் பிரிண்டர்ஸ் பகுதியில், பிற கணினிகளின் இணைப்பை ஸ்பூலர் ஏற்பதைத் தடுக்கும் அமைப்பு. நேரடியாக இணைத்த அச்சுப்பொறி வழக்கம்போல் இயங்கும். ஆனால் அந்தக் கணினி பிறருக்கு அச்சு சர்வராக இருக்க முடியாது. அமைப்பை மாற்றியபின் ஸ்பூலரை மறுதொடக்கம் செய்தாக வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மேலும், இது தடுப்பது தொலைவிலிருந்து வரும் தாக்குதலை மட்டுமே. கணினிக்குள் ஏற்கெனவே நுழைந்துவிட்டவர் ஸ்பூலரைப் பயன்படுத்தித் தம் உரிமையை உயர்த்திக்கொள்ளும் வாய்ப்பு அப்படியே இருக்கும்.

மூன்றாவது, ஸ்பூலர் சேவையையே நிறுத்தி, தொடக்க வகையை ‘டிசேபிள்ட்’ என மாற்றுவது. ‘மேனுவல்’ என விடுவது போதாது. வேறொரு நிரல் கேட்டாலே சேவை மீண்டும் எழுந்துவிடும். தாக்குவதற்கு எதுவும் இயங்காத நிலை என்பதால் பாதுகாப்பில் இதற்கு ஈடில்லை. அதற்கான விலையும் தெளிவானது: காகிதத்தில் அச்சிடுவதோடு, ‘பிரிண்ட் டு பிடிஎஃப்’ வசதியும் நின்றுபோகும். அச்சுப்பொறி இல்லாத அலுவலகக் கணினியிலும் இந்தக் கடைசிக் காரணத்துக்காகவே புகார் வரும்.

ஆகவே, டொமைன் கண்ட்ரோலரிலும் அச்சிடும் தேவையே இல்லாத சர்வர்களிலும் மூன்றாம் வழியைத் தவிர வேறெதையும் நான் ஏற்கமாட்டேன். நெட்வொர்க்கின் பயனர்கள், கணினிகள் பற்றிய பதிவேடான ஆக்டிவ் டைரக்டரியில் பதிவான பழைய அச்சு வரிசைகளைத் தானாக நீக்கும் பணி நின்றுபோகும் என்பது உண்மைதான். அவ்வப்போது கையால் நீக்கிவிடலாம். அச்சிட்டே ஆக வேண்டிய மேசைக் கணினிகளுக்கு இரண்டாம் வழி பொருந்தும். அச்சு சர்வருக்கு இவ்விரண்டும் பொருந்தா. அதை வேறு எந்தப் பணியும் சுமத்தாத தனிக் கணினியாக வைத்து, டிரைவர் நிறுவும் உரிமையை நிர்வாகிகளுக்கு மட்டும் விட வேண்டும்.