ஸ்டுட்கார்ட்டின் மேடேறும் ரயில்கள்: பல வருடம் பயன்படுத்திய பிறகு

ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் ஒரு கிண்ணம் மாதிரியான ஊர். நடுவில் பள்ளம், சுற்றிலும் மேடு. பள்ளத்தில் வேலை, மேட்டில் வீடு என்று வருடக்கணக்கில் ஏறி இறங்கியதில் சொல்கிறேன்: இந்த ஊருக்கு முழு மெட்ரோ கட்டாமல் விட்டதே நல்லது.

வரைபடத்தில் யூ 6, யூ 7 என்று பார்த்துவிட்டு பெர்லின் மெட்ரோ போல எதிர்பார்க்காதீர்கள். இது மஞ்சள் நிற ஷ்டாட்பான். ஊர் நடுவே சுரங்கத்தில் ஓடும், வெளியே வந்ததும் சாலையை ஒட்டியோ நடுவிலோ டிராம் போலப் போகும். 1985-இல் தொடங்கி, பழைய டிராம் தடங்களை ஒவ்வொன்றாக மாற்றி, 2007-இல்தான் கடைசி டிராம் வழித்தடத்தை முடித்தார்கள். பிளாட்பாரமும் பெட்டியின் தரையும் ஒரே மட்டம் என்பதால் குழந்தை வண்டியை அப்படியே உருட்டி ஏற்றலாம். கதவுக்கு மட்டும் பொத்தானை அழுத்துங்கள், சும்மா நின்றால் திறக்காது.

யூ 15-ஐ ஒருமுறையாவது பிடியுங்கள். ஓய்கன்ஸ்பிளாட்ஸ் பக்கம் 8.5 சதவீத ஏற்றத்தை, தண்டவாளப் பல்லில் பிடித்து ஏறும் பல்சக்கரம் இல்லாமலே ஏறிவிடும். ஏற ஏற ஊர் கீழே விரியும்.

அதைவிடச் செங்குத்தான இடத்துக்கு 10-ஆம் எண். மரியன்பிளாட்ஸிலிருந்து டெகர்லோக் வரை ஓடும் பல்சக்கர ரயில், உள்ளூரில் 'ட்சாக்கே'. 1884-இல் வந்தது. மேலே போகும்போது சைக்கிள்களுக்கென்றே ஒரு திறந்த வண்டியை முன்னால் தள்ளிக்கொண்டு போகும். சைக்கிளை அதில் நிறுத்திவிட்டு உள்ளே வந்து உட்காரலாம். இறங்க ரயில் எதற்கு, சைக்கிளே போதும்! அப்புறம் 20-ஆம் எண் கேபிள் ரயில்: 1929-இலிருந்து, தேக்குமரப் பெட்டிகளோடு, காட்டுக் கல்லறைத் தோட்டத்துக்கு ஏறுகிறது. தனி டிக்கெட் கிடையாது, வழக்கமான டிக்கெட்டே செல்லும்.

எனக்குக் குறையாகப் படுவது புறநகர் ரயிலான எஸ்-பான்தான். வேகம், இடவசதி இரண்டுமே உண்டு. ஆனால் எஸ் 1 முதல் எஸ் 6 வரை எல்லாத் தடங்களும் ஊர் நடுவே ஒரே சுரங்கத்தில் நுழைகின்றன. அதற்குள் ஒரு ரயில் நின்றால் பின்னால் வருவதெல்லாம் வரிசையாக நிற்கும்.

அதனால் விமான நிலையத்துக்கு எஸ் 2, எஸ் 3 இருந்தும், 2021 டிசம்பரில் யூ 6 அங்கே நீண்டதிலிருந்து நான் அதில்தான் போகிறேன். நேரம் கொஞ்சம் கூடும், பரவாயில்லை. எஸ்-பானில் போவதாக இருந்தால் ஒரு ரயில் முன்னதாகவே கிளம்பிவிடுங்கள்.