பொலேரோ பிக்கப் 12 வருஷம் ஓட்டுன அனுபவம்: ஒழுங்கா பாத்துக்கிட்டா எவ்ளோ நாள் வரும்?

பிக்கப் எடுக்கலாம்னு இருக்கேன், எத்தனை வருஷம் ஓடும்னு கேக்குறவங்களுக்கு முதல்லயே பதில் சொல்லிடுறேன். லோடு அளவா ஏத்தி, ஆயில் கிரீஸ் கூலண்ட் எல்லாம் நேரத்துக்கு பாத்தீங்கன்னா நாலு லட்சம் கிலோமீட்டர் வரைக்கும் இன்ஜின் பிரிக்காம ஓட்டலாம், வருஷக்கணக்குல 15 தாராளமா வரும். எங்க வீட்டுல 2013ல எடுத்த மஹிந்திரா பொலேரோ பிக்கப், ஒண்ணேகால் டன் லோடு ஏத்துற வண்டி, இன்னைக்கும் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு லோடு ஏத்திட்டு போய்ட்டு வந்துட்டு தான் இருக்கு. மீட்டர் மூணரை லட்சத்த தாண்டிருச்சு, இன்ஜின்ல இன்னும் கை வைக்கல. அத வச்சு தான் சொல்றேன்.

என்ன ஓட்டம்னு சொன்னா தான் கணக்கு புரியும். தோட்டத்துல இருந்து தக்காளி, முருங்கைக்காய், சின்ன வெங்காயம் மார்க்கெட்டுக்கு, அங்க இருந்து பழனி, உடுமலை, பொள்ளாச்சி வழியா பாலக்காட்டுக்கு காய் லோடு, சீசன்ல பாச்சலூர், தாண்டிக்குடி மலைக்கு ஏறி சௌசௌவும் மலை வாழையும் ஏத்திட்டு இறங்கணும். வண்டிய பெரும்பாலும் ஓட்டுறது எங்க மச்சான் தான், கணக்கு வழக்கு, சர்வீஸ், எஃப்சி (வண்டி ரோட்டுல ஓட தகுதியா இருக்குன்னு குடுக்குற சான்று) எல்லாம் நான் பாக்குறேன். ஒரே வண்டி மண் ரோடு, ஹைவே, மலைன்னு மூணும் பாத்துருச்சு.

வண்டி எத்தன கிலோமீட்டர் ஓடிருக்குன்னு மட்டும் பாத்து அதோட வயச சொல்ல முடியாதுங்க. பாலக்காடு ரோட்டுல நாலாவது அஞ்சாவது கியர்லயே போற ஆயிரம் கிலோமீட்டரும், தோட்டத்துக்குள்ள ஃபர்ஸ்ட் செகண்ட்ல உருட்டுற ஆயிரம் கிலோமீட்டரும் ஒண்ணு கிடையாது. மலைல ஏறும்போது கிளட்சும் இன்ஜினும் படுற பாடு வேற, இறங்கும்போது பிரேக் படுற பாடு வேற. ஒருத்தர் ரெண்டு லட்சத்துல கிளட்ச் பிளேட் மாத்துனேன்னு சொல்வாரு, இன்னொருத்தர் எழுபதாயிரத்துலயே மாத்திட்டேன்னு சொல்வாரு, ரெண்டும் உண்மையா இருக்கும்.

இன்ஜின பத்தி சொல்லணும்னா, 2523 சிசி, நாலு சிலிண்டர் டர்போ டீசல். இதோட பலமே கீழ ஆர்பிஎம்லயே இழுக்குறது தான், விரட்ட வேண்டிய அவசியமே இல்ல. 2005ல டாடா ஏஸ் வந்தப்ப அது ரெண்டு சிலிண்டர் 702 சிசி இன்ஜினோட வந்துச்சு, ஊருக்குள்ள தெருத்தெருவா லோடு இறக்க அத அடிச்சுக்க வண்டி இல்ல, நம்ம ஊர்ல சின்ன யானைன்னு பேரு வச்சு கொண்டாடுனாங்க. ஆனா ஒரு டன் லோட வச்சுட்டு மலை ஏறணும், நூத்தம்பது கிலோமீட்டர் நிக்காம போகணும்னா பெரிய இன்ஜின் தான் அலுங்காம போகும், அலுங்காம போறது தான் ரொம்ப நாள் வரும். உங்க வேலைக்கு எது பொருந்தும்னு பாத்து எடுக்குறதுலயே பாதி ஆயுசு முடிவாயிடும்.

ஆயில் மாத்துறது எல்லாருக்கும் தெரியும், புதுசா சொல்ல ஒண்ணுமில்ல, நாங்க எட்டாயிரத்துக்கு ஒரு தடவ ஆயிலும் ஃபில்டரும் சேர்த்தே மாத்திடுவோம். ஆனா கிராமத்து ரோட்டுல ஓடுற வண்டிக்கு ஆயிலுக்கு சமமா முக்கியம் ஏர் ஃபில்டர். தோட்டத்து புழுதி ஃபில்டர தாண்டி உள்ள போச்சுன்னா பிஸ்டன் ரிங்கு, போர் (சிலிண்டரோட உள் சுவர்) எல்லாத்தையும் அரம் போட்ட மாதிரி தேச்சுடும், அப்புறம் ஆயில் குடிக்கும், புகை தள்ளும், கடைசில போர் வேலை தான். நிறைய பேர் பஞ்சர் கடைல காத்து புடிச்சு ஊதிட்டு அதையே திரும்ப மாட்டிக்கிறாங்க, வேகமா ஊதுனா அந்த பேப்பர் கிழிஞ்சுடும், கிழிஞ்சது வெளிய கண்ணுக்கு தெரியாது. ஒரு ஃபில்டர் விலை எங்க, இன்ஜின் வேலைக்கு ஆகுற செலவு எங்க. புழுதி சீசன்ல சீக்கிரமாவே புதுசு போட்டுடுங்க.

அடுத்தது தண்ணி. எங்க பக்கம் போர்வெல் தண்ணி உப்பு, பாத்திரத்துலயே வெள்ளையா படியும், அத ரேடியேட்டர்ல ஊத்துனா உள்ள என்ன ஆகும்னு யோசிச்சு பாருங்க. அடைச்சுக்கும், சமதளத்துல தெரியாது, லோடோட மலை ஏறும்போது தான் டெம்பரேச்சர் முள் மேல போகும், அங்க ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் ஹெட்டுக்கு கீழ இருக்குற சீல்) போச்சுன்னா அன்னைக்கு லோடும் போச்சு. கூலண்ட் மட்டும் தான் ஊத்தணும், ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ முழுசா இறக்கிட்டு புதுசு ஊத்துறோம். அதே மாதிரி டீசல் ஃபில்டர்ல சேர்ற தண்ணிய அப்பப்ப திறந்து விட்டுடணும், இல்லன்னா பம்பும் நாசிலும் துரு புடிச்சு பெரிய செலவு வைக்கும். லோடோட ஏறி வந்து நிறுத்துன உடனே சாவிய திருகாம ஒரு நிமிஷம் சும்மா ஓட விடுங்க, டர்போ அப்ப தான் கொதிச்சுட்டு இருக்கும், சட்டுனு ஆஃப் பண்ணா அங்க நிக்கிற ஆயில் கருகி கரி கட்டிக்கும்.

பிரேக் ஆயில் பத்தி யாரும் பேசுறதே இல்ல, எனக்கு இதுல ரொம்ப வருத்தம். பிரேக் ஆயில் காத்துல இருக்குற ஈரத்த மெல்ல மெல்ல இழுத்துக்கும். புது டாட் 3 (பிரேக் ஆயில்ல ஒரு கிரேடு) ஆயில் குறைஞ்சது 205 டிகிரி வரைக்கும் கொதிக்காம தாங்கும், ஈரம் சேர்ந்து பழசாச்சுன்னா 140 டிகிரியே போதும் கொதிக்க. தாண்டிக்குடில இருந்து லோடோட பிரேக்க மிதிச்சுக்கிட்டே இறங்குற வண்டிக்கு அந்த சூடு சாதாரணமா வரும், ஆயில் கொதிச்சு குமிழ் வந்தா பெடல் பஞ்சு மாதிரி உள்ள போயிடும், வண்டி நிக்காது. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ மாத்துறதுக்கு சில நூறு ரூபா தான் செலவு. ஏறுன கியர்லயே இறங்கணும்னு மச்சான் யார் ஓட்டுனாலும் சொல்லிட்டே இருப்பாரு, அது பிரேக்குக்கும் நல்லது, உயிருக்கும் நல்லது.

சரி, இதெல்லாம் செஞ்சா போதுமான்னு கேட்டா போதாதுங்க. நான் சொல்ல வந்ததே இது தான், பிக்கப்போட ஆயுச முடிவு பண்றது சர்வீஸ் புக்க விட லோடு தான். எங்களுக்கு முன்ன பின்ன அதே வருஷம் அதே மாடல் எடுத்த இன்னொரு வண்டி எங்க மார்க்கெட்லயே ஓடுச்சு. அவரும் ஆயில்ல குறை வைக்க மாட்டாரு. ஆனா ஒண்ணேகால் டன் வண்டில ரெண்டு டன், ரெண்டரை டன்னு ஏத்துவாரு, அதுக்காக பின்னாடி எக்ஸ்ட்ரா பட்டை (எடைய தாங்குற ஸ்பிரிங் தகடு) போட்டுக்கிட்டாரு. பட்டை சேர்த்தா வண்டி உக்காராது அவ்ளோ தான், அந்த எடை எங்கயும் போயிடல, ஹவுசிங் (பின் ஆக்சில் கூடு), வீல் பேரிங், கிரவுன் பினியன் (அந்த கூட்டுக்குள்ள சக்கரத்த சுத்துற கியர்), கிளட்ச், பிரேக், சேஸிஸ்னு ஒவ்வொண்ணு மேலயும் உக்காந்திருக்கு. எங்க வண்டி ஒரு கிளட்ச் செட் போடுறதுக்குள்ள அவரு மூணு போட்டுட்டாரு, ஒன்றரை லட்சம் தாண்டுனதுமே கிரவுன் வேலை, அப்புறம் இன்ஜின் வேலை, சேஸிஸ்ல விரிசல் விட்டு வெல்டிங், கடைசில எட்டு வருஷத்துல வந்த விலைக்கு தள்ளிட்டாரு. ஒரு ட்ரிப்ல கூட கிடைச்ச வாடகை எல்லாம் பட்டறைக்கே போச்சு. போதாததுக்கு 2019ல சட்டத்த திருத்துனதுக்கு அப்புறம் ஓவர்லோடு புடிச்சா 20,000 ரூபா ஃபைன், கூட இருக்குற ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 தனி.

வாடகை பேசும்போது எல்லா வியாபாரியும் இன்னும் பத்து பெட்டி ஏத்திக்கப்பான்னு தான் சொல்வாங்க. முடியாதுன்னு சொல்ல பழகணும். ஆரம்பத்துல ரெண்டு மூணு பார்ட்டி போயிடுவாங்க, அப்புறம் நேரத்துக்கு வர்ற வண்டி, ரோட்டுல நிக்காத வண்டின்னு அவங்களே தேடி வருவாங்க, எங்களுக்கு அப்படி தான் நடந்துச்சு.

கிரீஸ் விஷயத்துல ஒரு சின்ன பழக்கம் பெரிய பலன் குடுக்குது. வாட்டர் சர்வீஸ் விட்டுட்டு அப்படியே வண்டிய எடுத்துட்டு வந்துடாதீங்க, பிரஷர்ல அடிக்கிற தண்ணி ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் கிராஸ்ல (கியர் பாக்ஸ்ல இருந்து பின்னாடி போற தண்டோட மூட்டு), பட்டை பின்னுல இருக்குற கிரீஸையும் சேர்த்து தள்ளிடும். தண்ணி அடிச்ச அன்னைக்கே கிரீஸ் அடிச்சுடணும். கிராஸ் தேஞ்சா எடுக்கும்போது டக்குனு ஒரு சத்தம் வரும், அத அன்னைக்கே பாக்கணும், ரெண்டு மாசம் கழிச்சு பாத்துக்கலாம்னு விட்டா ஷாஃப்டே கழண்டு தொங்குற அளவுக்கு போகும். கியர் பாக்ஸ் ஆயில், கிரவுன் ஆயில் ரெண்டும் மாத்தணும்ங்குறதே பாதி டிரைவர்களுக்கு தெரியாது, இன்ஜின் ஆயிலோட விட்டுடுறாங்க.

பாடி தான் இன்ஜினுக்கு முன்னாடி போற சாமான். எந்த கம்பெனி வண்டியா இருந்தாலும் சரி, காய் லோடு ஏத்துனா ஈரம், நசுங்குன தக்காளி சாறு, மண்ணு எல்லாம் தளத்துல தங்கி தகட்ட அரிச்சுடும். சாயங்காலம் லோடு இறக்குனதும் நல்ல தண்ணி ஊத்தி கழுவி, ஓரத்துல இருக்குற ஓட்டைங்கள அடைப்பு எடுத்து விடுங்க, சரிவுல நிறுத்தி வடிய விடுங்க. இவ்ளோ பாத்தும் எங்களுக்கு தளத்து தகடு ஒரு தடவ மாத்தியாச்சு, டிங்கர் வேலை பாத்து பெயிண்ட் அடிச்சாச்சு. மீன் லோடு, உப்பு லோடு ஓட்டுறவங்களுக்கு இதுல பாதி வருஷம் தான் வரும், அவங்க அடிப்பக்கம் ரப்பர் கோட்டிங் அடிச்சுக்குறது நல்லது.

குறைன்னு பாத்தா காலி வண்டில போகும்போது பின்பக்கம் குதிக்கும், பட்டை போட்ட எந்த லோடு வண்டிக்கும் உள்ளது தான், லோடு ஏத்துனா அடங்கிடும். வெயில் காலத்துல கேபின் சூடு அதிகம். சொகுசு எதிர்பாக்காதீங்க. ஸ்பேர் விஷயத்துல மட்டும் உஷாரா இருங்க, ஒரு கடைல ஒரிஜினல்னு சொல்லி குடுத்த கிளட்ச் ரிலீஸ் பேரிங் ரெண்டு மாசத்துல கத்த ஆரம்பிச்சுருச்சு, மறுபடியும் கியர் பாக்ஸ இறக்கி ஏத்துன கூலி பேரிங் விலைய விட ஜாஸ்தி. அதுல இருந்து பில்லு குடுக்குற கடைல மட்டும் தான் வாங்குறோம். வாரன்டி இருக்குற வரைக்கும் கம்பெனி சர்வீஸ், அதுக்கப்புறம் ஒரே பட்டறை, ஒரே மெக்கானிக். வண்டிய மாத்தி மாத்தி ஆளுங்க கிட்ட விட்டா போன தடவ என்ன செஞ்சாங்கன்னு எவருக்கும் தெரியாது. நான் ஒரு நோட்டுல தேதி, கிலோமீட்டர், மாத்துன சாமான் மூணையும் எழுதி டேஷ்போர்டுலயே போட்டு வச்சிருக்கேன். செலவு தோராயமா, டயர் இன்சூரன்ஸ் தவிர்த்து கிலோமீட்டருக்கு ஒரு ரூபா ஒதுக்கி வச்சா சமாளிச்சுடலாம்.

புதுசா எடுக்குறவங்க பிஎஸ்6 (புகைய குறைக்க வந்த புது விதிப்படி செஞ்ச வண்டி) இவ்ளோ நாள் வருமான்னு கேக்குறாங்க. 2020 ஏப்ரல்ல இருந்து விக்கிற எல்லாமே பிஎஸ்6 தான். இன்ஜின் இரும்பு மாதிரி உழைக்கும், அதுல சந்தேகம் இல்ல, ஆனா டிபிஎஃப் (புகையில வர்ற கரிய புடிக்கிற ஃபில்டர்) இருக்குற டீசல் வண்டிய ஊருக்குள்ளயே ரெண்டு மூணு கிலோமீட்டர் மட்டும் ஓட்டிட்டு இருந்தா அதுல கரி சேர்ந்து அடைச்சுக்கும், அது எரிஞ்சு சுத்தமாக ஹைவேல ஒரே சீரா கொஞ்ச நேரம் ஓடணும். ஆயிலும் கம்பெனி சொல்ற கிரேடு தான் ஊத்தணும், பழைய வண்டிக்கு ஊத்துனத ஊத்த கூடாது. தூர லோடு ஓட்டுறீங்கன்னா தைரியமா டீசல் எடுங்க, ஊருக்குள்ள மட்டும்னா பெட்ரோல், சிஎன்ஜி சின்ன வண்டி தான் என்னோட சாய்ஸ்.

எஃப்சி கணக்கையும் சேர்த்துக்கோங்க. எட்டு வருஷம் வரைக்கும் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ, அதுக்கு மேல வருஷா வருஷம் காட்டணும். 2022 ஏப்ரல்ல இருந்து 15 வருஷம் தாண்டுன வண்டிக்கு எஃப்சி ஃபீஸ நல்லா ஏத்திட்டாங்க. வண்டி அதுக்கு மேலயும் ஓடும், ஆனா 15 தாண்டுனா காசு கணக்கு மாறுது. எங்க வண்டி 2028ல அந்த வயசுக்கு வரும், அப்ப பிரேக்கும் சேஸிஸும் இப்ப இருக்குற மாதிரியே இருந்தா ஃபீஸ் கட்டி வச்சுக்கிறதுன்னு தான் வீட்டுல பேசி வச்சிருக்கோம்.

பழைய பிக்கப் எடுக்கப் போறவங்க பெயிண்டையும் மீட்டரையும் விட்டுட்டு டார்ச் எடுத்துட்டு வண்டிக்கு அடியில போங்க. சேஸிஸ்ல வெல்டிங் தழும்பு இருக்கா, பின் பட்டைல கம்பெனி எண்ணிக்கைய விட கூட இருக்கா, ஹவுசிங்ல ஆயில் கசிவு இருக்கா பாருங்க. காலைல வண்டி குளிர்ந்து இருக்கும்போதே போய் ஸ்டார்ட் பண்ண சொல்லுங்க, முன்னாடியே சூடு பண்ணி வச்சிருந்தா இன்னொரு நாள் வர்றேன்னு கிளம்பிடுங்க. ரேடியேட்டர் மூடிய குளிர்ச்சியா இருக்கும்போது திறந்து பாத்தா உள்ள கலர் கூலண்டா, துரு தண்ணியான்னு தெரிஞ்சுடும். துரு தண்ணியா இருந்தா விலை எவ்ளோ குறைச்சாலும் வேண்டாம்.