அட்கின்சனா, ராட்ரேயா?

முதல் ஆங்கில-ஆப்கான் போரின் (1839–42) ஆப்கானிஸ்தானைப் பார்க்க இரண்டு லித்தோகிராஃப் (கல்லச்சுப் பட) தொகுப்புகள் கைகொடுக்கின்றன. 1842இல் வெளியான ஜேம்ஸ் அட்கின்சனின் படங்கள் ஒன்று. 1847–48இல் வந்த ஜேம்ஸ் ராட்ரேயின் வண்ணப் படங்கள் மற்றொன்று.

அட்கின்சன் பிரிட்டிஷ் படை மருத்துவர், பாரசீகம் கற்றவர். போலன் கணவாய் வழியாகப் படை நகர்வதை வரையும்போது, மலைகளுக்கு நடுவே மனிதர்களும் ஒட்டகங்களும் சிறுத்துப்போகிறார்கள். எனக்குப் பிடித்தது பழங்கள் குவியும் பருவத்தில் காபூல் கடைவீதியைக் காட்டும் படம். அதில் போர் இல்லை. கடைகள், கூட்டம், பேரம். அந்நகரின் பெரிய கூரைச் சந்தையை 1842 அக்டோபரில் பிரிட்டிஷ் படையே தகர்த்தது என்பதை நினைத்தால் படத்தின் மதிப்பு கூடுகிறது.

ராட்ரே இளம் ராணுவ அதிகாரி. அவருக்கு ஆடையின்மீது தீராத மோகம். கோஹிஸ்தான் வீரர்களின் உடுப்பு, புகைபிடிக்கும் கந்தகார் சீமாட்டி, வீட்டிலும் வெளியிலும் காபூல் பெண்கள் அணிபவை என ஒவ்வொன்றையும் நிறம் பிரித்துக் காட்டுகிறார். ஆனால் அவருடைய மனிதர்கள் பெரும்பாலும் படத்துக்காக நிற்பவர்கள். வேலை செய்பவர்கள் குறைவு. அந்நிய அதிகாரி ஒருவர் அந்தப்புரத்தை எவ்வளவு பார்த்திருக்க முடியும் என்ற சந்தேகமும் எழுகிறது.

உடை வரலாறு தேடுவோர் ராட்ரேயை எடுக்கலாம், சந்தேகத்தோடு. தெருவும் நிலமும் வேண்டுமென்றால் அட்கின்சன்தான்.